ஆரம்பாக்கத்துக்கு வடக்கே விலை மாறும்: எல்லையோரச் சேமிப்பு யார் கைக்குப் போகிறது?

சென்னையிலிருந்து நெல்லூர் நோக்கிப் போகும் சரக்கு லாரி கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும், ஆரம்பாக்கம் வருவதற்குள் ஏதாவது ஒரு பங்கில் ஒதுங்கும். ஓட்டுநர் இறங்கி டேங்க் மூடியைத் திறந்துவிட்டு "ஃபுல்" என்பார். டீசல் நுரைத்துக்கொண்டு மேலே வரும். பங்க் பையன் குழாயை எடுக்கப் போனால் விடமாட்டார். நுரை அடங்கும்வரை நின்று, இன்னும் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றச் சொல்வார். சில கிலோமீட்டர் வடக்கே தடா, ஆந்திர மாநிலம். அங்கே இதே டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ நான்கு ரூபாய் கூடுதல்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வெளிநாட்டு எல்லை கிடையாது. ஆனால் விலை மாறும் கோடு ஒன்று அதன் வடக்கிலும் மேற்கிலும் ஓடுகிறது. எளாவூர், ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணியை அடுத்த பொன்பாடி என்று அந்தக் கோட்டின் மேலேயே ஊர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட் வேண்டாம், சுங்கம் வேண்டாம். புறநகர் மின்ரயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை என்று எல்லையைக் கடந்தது தெரியாமலே கடந்துவிடலாம். அந்தக் கோட்டின் இரு புறமும் விலை வேறாக இருக்கும்போது பணம் மிச்சமாவது யாருக்கு, வழக்கு விழுவது யார் மேல் என்பதுதான் என் கேள்வி.

முதலில் எரிபொருள். ஒன்றிய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றே. மாநில மதிப்புக்கூட்டு வரிதான் மாறுகிறது. ஆந்திரா டீசலுக்கு 22.25 சதவீதமும் லிட்டருக்கு 4 ரூபாயும், சாலை மேம்பாட்டுத் தீர்வையாக இன்னும் 1 ரூபாயும் வாங்குகிறது. தமிழ்நாடு வாங்குவது 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். மாநில வரிக்கு முந்தைய விலை 75 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆந்திராவின் பங்கு 21 ரூபாய் 69 காசு. தமிழ்நாட்டின் பங்கு 17 ரூபாய் 87 காசு. பெட்ரோலில் இடைவெளி இன்னும் பெரிது. ஆந்திராவில் 31 சதவீதமும் மேலே 5 ரூபாயும்; தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும். அதே 75 ரூபாய்க் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய் வித்தியாசம்.

லாப விகிதம் பெட்ரோலில்தான் அதிகம். அப்படியானால் பைக்காரர்தானே அதிகம் மிச்சம் பிடிக்க வேண்டும்? நடப்பது வேறு. சூலூர்பேட்டையில் இருக்கும் ஒருவர் பைக்கில் ஆரம்பாக்கம் வந்து 5 லிட்டர் போட்டால் 35 ரூபாய் மிச்சம். வரப் போக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதற்கு எரியும் பெட்ரோலின் விலை அந்த 35 ரூபாயைத் தின்று இன்னும் கேட்கும். 300 லிட்டர் டேங்க் உள்ள லாரிக்கோ, எப்படியும் போகிற வழியில், ஒரு நிறுத்தத்தில் 1,100 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் பத்து நடை என்றால் 11,000 ரூபாயைத் தாண்டும். அந்தப் பணம் வண்டி உரிமையாளருடையது. எங்கே நிரப்ப வேண்டும் என்று முடிவு செய்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

ஆக, எல்லையில் சேமிப்பதற்கு முதல் தகுதி கொள்கலன். இரண்டாவது, அதை ஒரே தடவையில் நிரப்பக் கையில் பணம். மூன்றாவது, சட்டத்தின் அனுமதி. வண்டியின் டேங்கில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. கேனில் வாங்கி வீட்டில் வைத்தால் கதை மாறும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல் வரைதான் வைத்துக்கொள்ளலாம். டீசலுக்கு வரம்பு 2,500 லிட்டர். தீப்பற்றும் தன்மையை வைத்துப் போட்ட வரம்பு இது, நியாயமானதும்கூட. ஆனால் பெரிய டீசல் தொட்டி வைத்திருப்பவர் யார், பெட்ரோல் கேன் தூக்குபவர் யார் என்று பார்த்தால் இதிலும் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரியும்.

தமிழ்நாட்டின் எல்லா எல்லையிலும் இதே திசை இல்லை. ஓசூர்ப் பக்கம் நிலைமை நேர் எதிர். கர்நாடகாவில் டீசல் பல ஆண்டுகளாக மலிவு என்பதால் அத்திப்பள்ளிக்கு அப்பால்தான் டேங்க் நிரம்பும். ஒரே மாநில அரசு வடக்கு எல்லையில் வருமானம் பெறுகிறது, மேற்கு எல்லையில் இழக்கிறது.

இந்த இழப்பை ஒரு தனி நாடு எப்படித் தடுக்கும் என்பதற்கு நம்மவர்கள் நிறையப் பேர் அறிந்த உதாரணம் சிங்கப்பூர். ஜொகூர் பாருவில் பெட்ரோல் மலிவு. பாலத்தைக் கடந்து போய் நிரப்பிக்கொண்டு திரும்புவது அங்கே வழக்கம். அதனால் சிங்கப்பூரில் பதிவான வண்டி நாட்டை விட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்கு எரிபொருள் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. பதிவெண் பார்த்து, முள் பார்த்து, அபராதம் போடுகிறார்கள். மலேசியாவும் தன் மானியப் பெட்ரோல் தன் மக்களுக்குத்தான் என்று ரான்-95 ரகத்தை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கக் கூடாது என்கிறது. இரு நாடுகளும் டேங்கையே எல்லையாக்கிவிட்டன. எளாவூரில் இப்படிச் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 301-வது பிரிவு இந்தியாவுக்குள் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கலாம் என்கிறது. அது இருக்க வேண்டிய பிரிவு. வரி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, போக்குவரத்து ஒன்று என்றால், எல்லையோரத்தில் இந்த ஒதுங்கல் நடக்கத்தான் செய்யும்.

மது விஷயத்தில் வரலாறு இன்னும் நீளம். இப்போதைய மாநில எல்லை பிறப்பதற்கு முன்பே இந்த மாவட்டத்துக்குள் ஒரு மதுக் கோடு ஓடியது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் விரித்தது. அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தில். இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் நிலத்தில், 1938-இல் ஒரு பகுதி மதுவிலக்குப் பகுதி, மறுபகுதியில் கடை திறந்திருந்தது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட வந்ததுதான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். மோட்டார் எரிபொருள் விற்பனைக்கான வரிச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இன்றைக்கு ஆரம்பாக்கம் பங்கில் லாரியை நிறுத்த வைக்கும் வரிக்கும் மதுக்கடை வருமானத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேடு வட்டாரம் அப்படிப் போனதுதான். இன்று ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டை நிற்பது அந்த வட்டாரத்தில்தான்; கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் கம்பெனிப் பேருந்தில் தொழிலாளர் போய்வருவதும் அங்கேதான். மொழிக்காகப் போட்ட கோடு பிறகு வரிக்கோடாகவும் ஆயிற்று.

அதன்பின் மது எல்லையைத் தாண்டும் திசை ஆட்சிக்கு ஆட்சி மாறியது. நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் ஆந்திரா முழுக்கப் பரவி, 1995-இல் என்.டி.ஆர். அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997-இல் அது தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண்களின் வெற்றிக்கு எதிரே தமிழ்நாட்டுப் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன. போராடிப் பெற்ற ஒன்றை எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கடை கரைத்துவிட முடியும் என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

2020 ஊரடங்கில் இது பட்டவர்த்தனமானது. மே 4 அன்று ஆந்திரா மதுக்கடைகளைத் திறந்தது. திருவள்ளூர் உள்ளிட்ட எல்லை மாவட்டத்தவர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். பக்கத்து மாநிலங்களில் கடை திறந்ததால் எல்லையோர மக்கள் பெருமளவில் கடந்து போகிறார்கள் என்பதையே காரணமாகச் சொல்லித் தமிழ்நாடு அரசு, சென்னைக் காவல் எல்லை நீங்கலாக, மே 7 முதல் டாஸ்மாக் கடைகளைத் திறந்தது. அதற்குள் ஆந்திரா இரண்டு தவணையாக விலையை 75 சதவீதம் ஏற்றிவிட்டது. சில நாட்களிலேயே திசை திரும்பியது. நோய்த்தொற்றுக் காலத்தில் ஓர் அரசின் சுகாதார முடிவை அடுத்த மாநிலத்துக் கடையின் ஷட்டர் தீர்மானித்தது. டாஸ்மாக் திறந்த மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததும், மே 16-இல் மீண்டும் திறந்ததும் தெரிந்த கதை.

2019 அக்டோபர் முதல் ஆந்திராவில் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. விலை அதிகம், பழகிய பிராண்டு கிடைக்காது. வெளிமாநிலத்திலிருந்து மூன்று பாட்டில் வரை கொண்டுவரலாம் என்று 2020 செப்டம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்று அரசாணை வந்தது. ஆட்சி மாறிய பின், 2024 அக்டோபரில் தனியார் கடைகள் திரும்பின. குவாட்டர் 99 ரூபாய்க்கு என்று விலையையே கொள்கையாக அறிவித்தார்கள். எல்லையோரத்துக்காரர் இதையெல்லாம் அரசாணை படித்துத் தெரிந்துகொள்வதில்லை. வார இறுதியில் எந்தப் பக்கம் கூட்டம் நிற்கிறது என்பதிலேயே தெரிந்துகொள்கிறார்.

மற்ற சரக்குகளுக்கு 2017 ஜூலை 1 அன்று கோடு அழிந்தது. ஜிஎஸ்டிக்கு முன் மாநிலம் தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம். அதற்கு சி படிவம். விற்காமல் சொந்தக் கிளைக்கு அனுப்பியதாகக் காட்டினால் எஃப் படிவம், வரி இல்லை. இதற்காகவே கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்தன. எல்லைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று. இரண்டும் பாதி காலி. வணிகவரிச் சோதனைச் சாவடியில் படிவத்தோடு லாரிகள் வரிசை கட்டி நின்ற நாட்களைக் கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது இ-வே பில் போதும். மாநிலத்துக்கு ஒன்று என்றிருந்த கிடங்குகள் ஒன்றுசேர்ந்து, செங்குன்றம், பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி சாலைகளில் பெரும் கிடங்குகளாக எழுந்து நிற்கின்றன. மொத்தமாகச் சேமித்து வைப்பவருக்கு இது பெரிய லாபம். அதன் ஒரு பங்கு மளிகை விலையில் இறங்கியதா என்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளியின் கணக்கு நோட்டில் அது தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கு அரிசி மூட்டை ஒன்றே போதும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்டுப் பொதியப்பட்ட அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுத்தாலும் வரி இல்லைதான். ஆனால் 5 கிலோ, 10 கிலோ பை வாங்குபவர் வரி கட்டுகிறார். நாலு பேர் படுக்கும் அறையில் 26 கிலோ மூட்டையை எலிக்கும் ஈரத்துக்கும் தப்பி எங்கே வைப்பது? ஒரே நாளில் அதற்கான பணத்தை யார் எடுத்து வைப்பது? லாரி டேங்கில் பார்த்த அதே கணக்கு இங்கே அரிசியில்.

இனி ரேஷன் அரிசி. எல்லைப் பேச்சில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

1997-இல் நாடெங்கும் ரேஷன், வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்கப்பட்டபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாட்டை விடாமல் காத்தது. கிலோ 2 ரூபாயாக 2006-லும், 1 ரூபாயாக 2008-லும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி வருகிறது. இந்த மாநிலத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பக்கம் விலையே இல்லாத பண்டம், கோட்டுக்கு அப்பால் விலைபோகும் பண்டமாக இருந்தால் அது ஓடத்தான் செய்யும்.

எப்படி ஓடுகிறது? அட்டைதாரரிடம் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து ஒரு தரகர் வாங்குகிறார். சின்னச் சின்னப் பையாகச் சேர்த்து ஒரு வீட்டில், ஒரு கொட்டகையில் குவிக்கிறார். பிறகு வேன், லாரி. அல்லது சூலூர்பேட்டை போகும் மின்ரயில். ரயிலில் இதைத் தூக்குபவர்களில் பெண்கள், அதிலும் வயதான பெண்கள், நிறைய. இருக்கைக்கு அடியில் இரண்டு, கதவோரம் இரண்டு என்று மூட்டையைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் தள்ளி வேறு இருக்கையில் உட்கார்ந்துகொள்வார்கள். சோதனை வந்தால் மூட்டைக்கு உடைமையாளர் இருக்க மாட்டார். மறுநாள் செய்தியில் "கேட்பாரற்றுக் கிடந்த ரேஷன் அரிசி மூட்டைகள் பறிமுதல்" என்று வரும். எல்லைக்கு அப்பால் அந்த அரிசி ஆலையில் பாலிஷ் ஆகி, வேறு சாக்கில், வேறு பெயரில் வெளியே வருகிறது. இட்லி மாவுக்குப் போவதும் உண்டு, கோழித் தீவனமாவதும் உண்டு. 2022-இல் சந்திரபாபு நாயுடு தன் குப்பம் தொகுதி வழியே தமிழ்நாட்டு ரேஷன் அரிசி கடத்தப்படுவதாக முதல்வர் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார்.

பிடிபட்டால் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம். குறைந்தது மூன்று மாதத்திலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை என்பது அந்தச் சட்டத்தின் அளவு. தொடர்ந்து செய்பவரைக் கள்ளச்சந்தைத் தடுப்புக்கான 1980-ஆம் ஆண்டின் சட்டத்தில் விசாரணையின்றியே காவலில் வைக்கலாம். அரிசி பொதுப்பணம் என்பதால் கடுமை தேவைதான். ஆனால் சங்கிலியின் எந்த முனையில் அந்தக் கடுமை விழுகிறது? 300 லிட்டர் டீசலை எல்லை தாண்டிக் கொண்டுபோய் 1,100 ரூபாய் மிச்சம் பிடிப்பது வணிக சாமர்த்தியம். 30 கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூலி வாங்குவது குற்றம். சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். டீசலுக்கு வரி கட்டியாயிற்று, அரிசி அரசு கொடுத்த மானியம். ஆனாலும் இரண்டிலும் விலை வித்தியாசத்தின் பலன் போய்ச்சேரும் இடம் ஒன்றே: கொள்கலனும் முதலும் வைத்திருப்பவர். டீசலில் அவர் லாரி உரிமையாளர். அரிசியில் அவர் தரகரும் ஆலைக்காரரும். தூக்கிப் போகிறவருக்குக் கூலி, அட்டைதாரருக்குச் சில்லறை.

அட்டைதாரர் ஏன் விற்கிறார் என்பதையும் அனுதாபத்தோடு கேட்க வேண்டும். சில குடும்பங்களுக்கு அந்த அரிசி தேவையில்லை. அவர்கள் விட்டுக்கொடுக்கலாம், சர்க்கரை அட்டைக்கு மாறலாம். வேறு சில குடும்பங்களுக்கு அரிசி தேவைதான், ஆனால் சிலிண்டருக்கும் பள்ளிக்கூடப் பேருந்துக்கும் ரொக்கம் அதைவிட அவசரத் தேவை. பழுப்பேறிய புழுங்கலரிசி வந்த மாதம் இரண்டு வகையினரும் விற்பார்கள். தரம் சரியாக இருக்கும் கடையில் தரகருக்கு வேலை குறையும். ஆகவே கடத்தல் தடுப்பின் முதல் சாவடியாக நான் கருதுவது நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கைத்தான். எளாவூர்ச் சோதனைச் சாவடி அதற்கு அடுத்துதான்.

நெல் விஷயத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் இருப்பதும் கவனிக்கத்தக்கது. ஒன்றிய அரசின் ஆதரவு விலைக்கு மேல் தமிழ்நாடு ஊக்கத்தொகை தருகிறது. 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். எல்லையோரக் கொள்முதல் நிலையத்துக்கு வெளிமாநில நெல்லை வியாபாரிகள் கொண்டுவருவதாக உள்ளூர் விவசாயிகள் குறைபடுவது இதனால்தான். நெல்லாக ஒரு திசை, அரிசியாக மறு திசை. இரண்டு நடையிலும் லாபம் எடுக்கும் வியாபாரி ஒரே வகையைச் சேர்ந்தவர்.

டீசலையும் பெட்ரோலையும் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் எல்லை அழிந்துவிடும் என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அதைப் பேசிவிட்டு, இப்போது நேரமில்லை என்று விட்டது. மாநிலத்துக்கென்று மிச்சமிருக்கும் வரி அதிகாரம் சொற்பம்தான். இலவச அரிசிக்கு மாநிலம் போடும் பணமும் அதிலிருந்து வருகிறது. லாரி ஆரம்பாக்கத்தில் ஒதுங்குவது அதற்கு நாம் கொடுக்கும் சிறிய விலை. அதைக் கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாத விலை அந்த ரயில் பெட்டியில் இருக்கிறது. குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறையின் அறிக்கைகளில் எத்தனை கிலோ, எத்தனை வாகனம், எத்தனை கைது என்று எண்கள் வருகின்றன. இவற்றோடு, பறிமுதலான மூட்டை எந்தக் கடையின் ஒதுக்கீட்டிலிருந்து புறப்பட்டது, எந்த ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஆலையின் மேல் ஆந்திரக் காவல் துறையோடு சேர்ந்து என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் ஒவ்வொரு மாதமும் வெளியிட வேண்டும். இரு மாநிலங்களும் சேர்ந்து சூலூர்பேட்டை, சத்தியவேடு, புத்தூர் வட்டார ஆலைகளின் கொள்முதல் பதிவேட்டையும் மின்கட்டண ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே, வாங்கியதாகக் காட்டும் நெல்லுக்கும் ஓடிய எந்திரத்துக்கும் பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கு நெடுஞ்சாலையில் புதிய சாவடி எதுவும் கட்ட வேண்டியதில்லை.